இடப்பக்கத்து மீன்தொட்டி

என் கணவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இல்லாமல் போன வருடம், நான் பாசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள் நான். பாசியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் நிறுத்தாமல் பேசுவேன். ஸ்பைரோகைராவைக் கரும்பலகையில் வரைந்து, பச்சைச் சாக்பீஸால் அதன் சுருளைச் சுற்றி, பாகம் குறித்துக் காட்டி எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாசி என் வீட்டு முன்னறையில், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் குடியேறி என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் மெக்கானிக். எங்கள் ஊர்ப் பேச்சில் காத்தாடி வேலை. கணவாய்க் காற்று ஊளையிட்டு இறங்குகிற ஆனி மாதத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பேச்சு போகவில்லை, நினைவு போகவில்லை, என்னையும் மகளையும் அடையாளம் தெரிந்தது. இடது கையும் காலும் துவண்டு கிடந்தன. அது எங்களுக்குப் புரிந்தது. வாதம் வந்து கிடப்பவர்களை யார்தான் பார்க்கவில்லை? எங்களுக்குப் புரியாமல் போனது வேறொன்று.

சோறு போட்டுக் கொடுத்தால் தட்டின் வலப்பாதியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எட்டி, இன்னைக்குத் தீயல் வைக்கலியா?" என்பார். தீயல் தட்டின் இடப்பாதியில் ஆறிக்கொண்டிருக்கும். நான் தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பேன். "இது எப்பம் வச்ச?" என்று கேட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவார். சவரம் செய்யக் கொடுத்தால் வலக் கன்னத்தை மழமழவென்று மழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று ரேசரை நீட்டுவார். ஒருநாள் தன் வயிற்றின்மேல் கிடந்த இடது கையை வலக் கையால் தடவிப் பார்த்து, "இது யாருக்க கையி? எடுத்து அங்கோட்டு மாத்து" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அடுக்களைக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

கண்ணில் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். கண் பார்க்கிறது, மூளைதான் இடப்பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இல்லாமல் போனது எது என்று அவருக்கே தெரியாது, அதனால் அதைத் தேடவும் மாட்டார். இதை நான் வீட்டுக்கு வந்தவர்களுக்கு எப்படி விளக்குவது? வாசல் அவருடைய கட்டிலுக்கு இடப்பக்கம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வருகிற சொந்தக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாரு?" என்பார். அவருடைய சித்தப்பா மகன் வெளியே போய், "கெடப்புல கெடந்தாலும் கெருவம் மாறல பாத்தியா, மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவனிடம் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆரஞ்சை எடுத்துப் பிழிந்து அவருக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். கட்டிலை வலப்புறச் சுவரோடு ஒட்டிப் போட வைத்தது அவள்தான். "வலப்பக்கம் வெறும் சொவரு போதும் டீச்சர். சாருக்கு அங்க பாக்கதுக்கு ஒண்ணும் வேண்டாம். சோறு, மருந்து, வாற ஆளு, நீங்க, எல்லாம் இடப்பக்கம் வரணும். சாரு தானா திரும்பணும்" என்றாள். அவள் பேச்சு இழுத்து இழுத்துப் பாடுவதுபோல இருக்கும். கேட்கும்போது எல்லாம் எளிது என்று தோன்றும். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "இந்தக் கொஞ்ச மாசம்தான் டீச்சர் காரியம். இப்பம் திரும்பாத கழுத்து பொறவு திரும்பக் கஷ்டப்படும்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. நான் நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். ஸ்டூலைப் போட்டு அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினேன். குரல் கேட்கும், பதிலும் சொல்வார், முகம் மட்டும் சுவரை விட்டு வராது. டிவியை இடப்பக்கம் வைத்தோம். செய்தி முழுவதையும் சுவரைப் பார்த்தபடி காதால் கேட்டு, அரசியல்வாதிகளை முறையாகத் திட்டினார். அவருக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. பிசியோதெரபிஸ்ட் யோசித்து, "சத்தம் போடாம, அசைஞ்சிட்டே கெடக்க சாதனம் ஏதாவது வேணும் டீச்சர்" என்றாள். அப்போதுதான் எனக்கு மீன் நினைவு வந்தது. மீன் பேசாது. வேண்டுமென்றால் பார்க்கத்தான் வேண்டும்.

நாகர்கோவிலில் போய்த் தொட்டியும், காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டாரும், விளக்கும், மூன்று தங்கமீன்களும் வாங்கி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். இடப்பக்கச் சன்னலுக்குக் கீழே மேசை போட்டு வைத்தேன். பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அவருடைய தாடையில் விரல் வைத்து மெல்லத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். மீன் தொட்டியின் இந்தப் பாதியில், அதாவது வலப்பாதியில், நீந்தும்வரை பார்த்தார். நடுவைத் தாண்டி அந்தப் பாதிக்குப் போனதும், "போச்சு" என்றார். மீன் கண்ணெதிரே நீந்திக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் அது போய்விட்டது. திரும்பி இந்தப் பாதிக்கு வந்தால், "வந்துட்டு" என்பார். உயிருள்ள ஒன்று இப்படிப் போய்ப் போய் வருவது அவருக்குப் பிடித்துப் போயிற்று. போன மீனை எட்டிப் பிடிக்கக் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அதன் பின்னால் போகத் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி கடைசியில், தாடையில் விரல் வைக்காமலே அவர் திரும்பினார். தட்டில் இடப்பக்கத்துப் பொரியலை ஒருநாள் தானே எடுத்தார். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு. ஒரு காலை அந்த அக்கா வாசலில் வந்து நின்றபோது, அவர் தலையைத் திருப்பி, "வா அக்கா, இரி" என்றார். அக்கா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். ரெண்டு பேரும் எதற்கு அழுகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கு மீனுக்குத் தீனியை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன்.

சந்தோஷம் என்று நான் சொல்லக்கூடியது அந்தச் சில நாள்தான். கார்த்திகையில் தொட்டியின் கண்ணாடியில் தவிட்டைத் தூவினதுபோல ஒரு படலம் வந்தது. துடைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பச்சைப் புள்ளிகள் வந்தன. காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். சுரண்டின இடத்தில் பட்டு மாதிரி வழவழவென்று மறுபடி வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடியை விட்டுவிட்டுத் தண்ணீரே பச்சையாகத் தொடங்கியது. கண்ணாடியைத் தேய்க்கலாம், தண்ணீரை எப்படித் தேய்ப்பது? மீன் கண்ணாடியை ஒட்டி வரும்போது மட்டும் ஒரு ஆரஞ்சுக் கறை தெரியும், விலகினால் மறைந்துவிடும். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. இரண்டடிப் பச்சை. அவ்வளவுதான்.

அவர் பச்சையைப் பார்க்கத் திரும்பவில்லை. யார்தான் திரும்புவார்கள்? முதலில் கழுத்து பாதியில் நின்றது. பிறகு அந்தப் பாதியும் குறைந்தது. தட்டில் மறுபடி இடப்பக்கத்துச் சோறு மிஞ்சியது. அக்கா வாசலில் வந்து கூப்பிட்டால், "யாரு?" என்று சுவரைக் கேட்டார். சாண் ஏறி முழம் சறுக்கியது. இந்தத் தண்ணீர் தெளியாவிட்டால் என் புருஷன் இனி ஒருகாலமும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார் என்று தோன்றியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஒரு மீன்தொட்டிக்காக இப்படியா என்பார்கள்.

மீன்கடைக்காரரிடம் போனேன். "வெளிச்சத்தக் கொறைங்க, தீனியக் கொறைங்க, வெள்ளத்த அடிக்கடி மாத்துங்க" என்றார். எல்லாம் முறையான யோசனை, புத்தகத்தில் இருப்பதும் அதுதான். பாசியைத் தின்னும் என்று ஒரு சக்கர் மீனையும் கொடுத்தார். அது பகலெல்லாம் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு, என் வீட்டில் விருந்துக்கு வந்ததுபோலக் கிடந்தது. விளக்கைக் குறைத்தேன். சன்னலுக்குத் திரை போட்டேன். எங்கள் தோவாளைக் காற்றில் திரை எங்கே நிற்கும்? கம்பியில் கட்டினேன், கிழிந்தது. தீனியைக் குறைத்தேன். மீன்கள் பசியில் கண்ணாடியை முட்டுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது யோசனையைத்தான் வெறி பிடித்தமாதிரி செய்தேன். தண்ணீரை மாற்றினேன்.

எந்தத் தண்ணீரை என்று சொல்ல வேண்டும். எங்கள் காம்பவுண்டில் ஒரு கிணறு உண்டு. அந்தக் கிணற்றைக் குறை சொல்லி என் கணவர் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கோடையில் வற்றாது, சோறு வெள்ளையாக வேகும், பருப்பு மலரும். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வந்து போகும்போது அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்து ரயிலில் கொண்டுபோவாள். தொட்டி வாங்கிவந்த அன்றே நான் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துவைத்த டிரம்மைத் திறந்தபோது, அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்கள். "பைப்பு வெள்ளத்துல மருந்து நாத்தம்லா அடிக்கு. மீனு செத்துப் போவும். நம்ம கெணத்து வெள்ளம் ஊத்து மக்கா, அமிர்தமாக்கும்." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இங்கே வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் ஊற்றியிருப்பார்கள்.

பாதித் தொட்டியை வெளியே மொண்டு ஊற்றுவேன். கிணற்றில் இறைத்து வாளி வாளியாகக் கொண்டுவந்து நிரப்புவேன். அன்று மாலை தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அவரை இந்தப் பக்கம் திருப்பப் பார்ப்பேன். மறுநாள் மங்கும். அதற்கு மறுநாள் முன்னைவிடக் கடும் பச்சை. கைக்கு இடைவெளி கொடுக்காமல் மாற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மாற்ற மாற்றப் பச்சை அழுத்தமானது. நான் நல்லது செய்யச் செய்யக் கெட்டது பெருகியது. என்னை யாரோ வேண்டுமென்றே கேலி செய்வதுபோல இருந்தது.

ஒருநாள் கை ஓய்ந்து, தொட்டியின் முன்னால் ஸ்பான்ஜோடு நின்றபடி கத்திவிட்டேன். "இஞ்ச பாருங்க, நான் யாருக்காக இந்தக் கண்ணாடியக் கெடந்து தேய்க்கேன்? ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன?"

அவர் சுவரைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாக, "எந்தக் கண்ணாடி?" என்று கேட்டார்.

நான் ஸ்பான்ஜைத் தொட்டிக்குள்ளேயே எறிந்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. துணி அலசுவதற்கென்று இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்து மதிலோரம் வைத்திருந்தேன், அவரைக் கவனிக்கிற அவசரத்தில் மறந்தே போயிருந்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் பச்சையாக மாறி, வாளிச் சுவரில் பாசி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே வெயில். இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வயல். கும்பப்பூ நெல் நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து நின்றது. களை பறித்து, மேலுரம் வீசியிருந்தார்கள். யூரியா வீசுகிற கையை நான் என் அடுக்களைச் சன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கிணறு கையால் மொண்டுகொள்ளும் அளவுக்கு நிறைந்திருக்கும். அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது? வயலில் இருந்து. பயிருக்குப் போட்டதெல்லாம் மண் வழியாக ஊறிக் கிணற்றில் இறங்கியது. அதை இறைத்து நான் தொட்டியில் ஊற்றினேன். பாசிக்கு உரம் போட்டு வளர்த்தது நான். குளத்தில் உரம் கலந்தால் பாசி பெருகும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான், பூதப்பாண்டிப் பக்கத்துக் குளத்தை உதாரணம் காட்டி. தேர்வில் எழுதாத பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்தும் இருக்கிறேன். என் கிணறு மட்டும் அந்தப் பாடத்துக்குள் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் காரணம் தெரிந்தால் போதுமா? தண்ணீரில் இருக்கிற பாசி சாக வேண்டும். அதற்கு ஒரே வழி இருட்டு. தொட்டியைச் சுற்றி மூடி, மூன்று நாள் வெளிச்சமே படாமல் வைத்தால் பச்சைத் தண்ணீர் தெளியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். ஒளியில்லாமல் பாசி பிழைக்காது. நான் தள்ளிப்போட்டது அவருக்காகத்தான். இடப்பக்கம் அவருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் இருட்டாக்கினால் என்ன மிஞ்சும்? பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "இப்பமும் சாரு பாக்கல்லியே டீச்சர். மூணு நாளு தானே, செய்யுங்க" என்றாள். அவள் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

மூடுவதற்குக் கனமான துணி தேடியபோது அக்கா ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் கண்ணீர் அஞ்சலி. விறகு நனையாமல் இருக்கப் போட்டிருந்தது. இறந்தவரின் முகம் உட்பக்கம் போகும்படி மடித்து, தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். மேலே கம்பளியைப் போட்டேன். குமிழி மோட்டார் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சக்கர் மீனை முன்னமே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தங்கமீன்கள் மூன்றும் உள்ளே இருந்தன.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டி எங்கே, மீன் எங்கே, இந்த மூட்டை என்ன, ஒன்றும் இல்லை. கேட்பார் என்று நான் எதிர்பார்த்தது முட்டாள்தனம். ஆனாலும் எதிர்பார்த்தேன். இரண்டாம் நாள் மகள் வீடியோ காலில் வந்தாள். போனை அவருடைய வலக் கையில் கொடுத்துவிட்டு, நான் வழக்கம்போல இடப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தோள் என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா எங்கப்பா?" என்று மகள் கேட்டாள்.

"அவளா? காணல மக்கா. காலத்தே எங்கயோ போனா, இன்னும் வரல."

"நான் இஞ்சதான் இருக்கேன்" என்றேன்.

அவர் என் குரலைக் கேட்டார். தலையைத் திருப்பினார், வலப்பக்கமாக. சுவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க நிக்க? சொவருக்கு அங்கோட்டா?" என்றார்.

மகளுக்கு அவருக்குப் பக்கத்தில் என் தோள் திரையில் தெரிந்திருக்க வேண்டும். நான் எழுந்து போகவில்லை. எங்கே போவது? நான் எங்கே போனாலும் அவருக்கு ஒன்றுதான். கல்யாணமான இத்தனை வருடத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்போதெல்லாம் நான் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் இனி இவர் தேற மாட்டார் என்று மனதுக்குள் முதல்முறையாகச் சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போயிற்று. சன்னலைத் திறந்தால் மலையடிவாரம் நெடுகக் காற்றாடிகள் நிற்கின்றன, வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை. அவருக்கு விசிறிக்கொண்டும், மெழுகுவர்த்தி தேடிக்கொண்டும் இருந்த எனக்கு, தொட்டியின் மோட்டாரும் நின்றிருக்கும் என்ற எண்ணமே வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்தால்தானே நினைவு வரும். மறுநாள் மதியம்தான் கரண்ட் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று நாள் ஆனதும் பிளெக்ஸைப் பிரித்தேன். தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது, அடியில் பாசி செத்துப் பழுப்பாகப் படிந்திருந்தது. மூன்று மீன்களும் மேலே மல்லாந்து கிடந்தன. இருட்டில் பாசியும் காற்றைத்தான் குடிக்கும், செத்தால் அழுகி இன்னும் குடிக்கும், குமிழியும் நின்றால் மீன் எதைச் சுவாசிக்கும்? அதுவும் பாடத்தில் உண்டு. அழுகையெல்லாம் வரவில்லை. கை வேலை செய்தது. சருவச் சட்டியில் மீன்களை எடுத்துக்கொண்டு போய்த் தென்னைமூட்டில் குழி தோண்டினேன்.

அக்கா வந்து பார்த்தார்கள். "செத்துட்டா?"

"செத்துட்டு."

"போட்டும். நாளைக்கு வேற மூணு வாங்கிப் போடு. அவனுக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருந்தது, அதனால்தான் வலித்தது. அவருக்குத் தெரியப் போவதில்லை. மீன் இருந்தாலும் செத்தாலும் வேறு மீன் வந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆனாலும் தொட்டியைக் கழுவினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கூழாங்கற்களை அரிசி களைவதுபோலக் களைந்தேன். டிரம்மில் இரண்டு நாளாகத் தெளிந்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மோட்டாரைப் போட்டேன். தொட்டி வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. சன்னல் வெளிச்சம் அதன் வழியாக வந்து தரையில் ஆடியது. உள்ளே குமிழியைத் தவிர ஒன்றும் இல்லை.

கஞ்சி ஆறியிருந்தது. இடப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்டியை அவருடைய வாய்க்குக் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்தபடி இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவது வாய்க்கு வாய் திறக்கவில்லை. கழுத்து அசைந்தது. முதலில் எனக்கு அது புரியவில்லை, இருமல் வருகிறது என்று நினைத்தேன். தலை சுவரை விட்டு நகர்ந்தது, நடுவுக்கு வந்தது, நடுவைத் தாண்டியது. என் முகத்தின் மேலாகக் கண் போயிற்று, நிற்காமல். தொட்டியில் போய் நின்றது.

"எட்டி, மீனு எங்க?" என்றார்.

இல்லாததைத் தேட மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் தேடினார். செத்துப்போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று உடனே தெரிந்தது. சரி என்பார், தலை சுவருக்குத் திரும்பிவிடும். மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

"உள்ளதான் நிக்கும். நல்லாப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். இந்தப் பாதி முழுக்கப் பார்த்தார். "இல்லியே."

"அந்தப் பக்கம் பாருங்க. அங்கதான் போச்சு."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் நடுக்கோட்டில் தடுமாறி நின்று, தாண்டி, அந்தப் பாதிக்குப் போயிற்று. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் அங்கோட்டா?" என்று கேட்டார்.

"ஆமா, இன்னும் அங்கோட்டு. அந்த மூலையில பாருங்க" என்றேன். அவர் அந்த மூலையைத் தேடிக்கொண்டிருந்தார்.